மேற்குப் பார்த்த கராஜ்: ஏசி இல்லாமல் சூட்டைக் குறைக்க வழி உண்டா?

கிரைண்டர்க்காரன், சாண்ட்லர்:

வணக்கம். அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் வீடு வாங்கி இது இரண்டாவது கோடை. வாங்கும்போது பள்ளிக்கூடம், ஆபீஸ் தூரம், அடுப்படி எல்லாம் பார்த்தேன். கராஜ் கதவு எந்தத் திசை என்று மட்டும் பார்க்கவில்லை. நேர் மேற்கு.

இரண்டு கார் நிற்கிற கராஜ். ஒற்றைத் தகடு கதவு, அடர் பழுப்பு நிறம். நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு, தூரத்தில் இருந்தே சூடு அளக்கிற துப்பாக்கியைக் கதவின் உள்பக்கம் காட்டினேன். 146 ஃபாரன்ஹீட். கராஜின் நடுவில் தொங்கும் வெப்பமானியில் 118. அப்போது வெளியே 111தான்!

போன ஜூலையில் அங்கே இருந்த ஃப்ரீசர் நின்றுபோனது. துருவிய தேங்காய், ஒரு வருஷத்துக் கறிவேப்பிலை, வஞ்சிரம், எல்லாம் குப்பைக்கு. சரிபார்க்க வந்தவர் கையேட்டைப் பிரித்து, சுற்றுப்புறச் சூடு 110 வரைதான் என்ற வரியைக் காட்டிவிட்டுப் போனார். கிரைண்டரும் அங்கேதான். ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டினாலும் உளுந்து மாவு வெதுவெதுவென்று வருகிறது. திருநெல்வேலியில் இருந்து வந்திருக்கும் அம்மா, "அக்னி நட்சத்திரத்துக்காவது முடியிற தேதின்னு ஒண்ணு இருக்குடா" என்கிறார்.

உட்கார்ந்து வேலை பார்க்கும் அளவுக்குக் குளிர வேண்டாம். 100க்குக் கீழே வந்தால் போதும். ஒரு நண்பர், "வீட்டு ஏசி காற்று போகிற குழாய், அந்த டக்ட், கராஜ் மேலேதானே போகிறது, ஒரு ஓட்டை போட்டு விடு" என்கிறார். இன்னொருவர் ஸ்வாம்ப் கூலர் (ஈரத் திரை வழியாகக் காற்றை ஊதும் தண்ணீர்க் கூலர்) வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய கில்பர்ட்வாசி:

இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். உங்கள் கதவு தோசைக்கல் மாதிரி காய்கிறது. எதிரே தோசைக்கல்லை வைத்துக்கொண்டு எந்தக் கூலர் ஓடினாலும் தண்டம். முதலில் கதவு.

தகட்டுச் சட்டங்களுக்குள் செருகும் ஃபோம் பலகைகள் கடைகளில் கதவுக்கென்றே கிட்டாக விற்கின்றன. உள்பக்கம் திறந்து கிடக்கும் ஃபோம் என்பதால் தீ பாதுகாப்புக்குச் சோதித்தது என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்குங்கள். பார்சலில் வந்த வெறும் தெர்மோகோலை வெட்டி ஒட்டாதீர்கள். பளபள ஃபாயிலை மட்டும் தகட்டோடு அழுத்தி ஒட்டுகிறவர்கள் உண்டு. காற்று இடைவெளி இல்லாவிட்டால் ஃபாயில் வேலை செய்யாது, சூடு நேராகக் கடந்து வந்துவிடும்.

ஒட்டி முடித்ததும் கதவைத் தூக்கும் மோட்டாரின் பிடியை விடுவித்துவிட்டு, கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங்குக்குப் பாரம் கூடிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங்கை நீங்களே முறுக்கப் போகாதீர்கள், கை போய்விடும். அதற்கென்று ஆள் இருக்கிறார்கள்.

அடுத்து கூரை. கராஜுக்கு மேலே அட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் உள்ள இடம்) இன்சுலேஷனே, அதாவது சூடு தடுக்கும் பஞ்சே, போடாமல் விட்ட வீடுகள் இங்கே நிறைய. ஏணி வைத்து ஒரு தடவை எட்டிப் பாருங்கள், மே மாதக் காலையில். ஜூலையில் ஏறினால் மயக்கம்தான். கதவின் கீழ் ரப்பரையும் மாற்றுங்கள். வெயிலில் பொடிந்திருக்கும். பகலில் அந்த இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அனலும் வரும், தேளும் வரும். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் முதலில் வந்தது.

ஆபீஸில் இருந்து வந்ததும் காரை உள்ளே விடாதீர்கள். கொதிக்கிற எஞ்சினே ஒரு ஹீட்டர். இருட்டிய பிறகு விட்டுக்கொள்ளலாம்.

டூசான் தேவி:

ஸ்வாம்ப் கூலர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஐந்து கோடை வைத்திருந்தவள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். மே, ஜூனில் காற்று காய்ந்து கிடக்கும், அப்போது அருமையாக இருக்கும். இங்கே மான்சூன் கணக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஈரம் பெரும்பாலும் ஜூலையில் ஏறும். ஏறிவிட்டால் அது ஈரத்துணியைப் போர்த்தின மாதிரி. உங்களுக்கு எப்போது வேண்டுமோ அப்போது கைவிடும். இன்னொன்று, ஜன்னலையோ கதவையோ கொஞ்சம் திறந்து வைக்காமல் ஓட்டினால் ஈரம் உள்ளேயே தங்கி, என் வீட்டு ஸ்பேனர் எல்லாம் துரு.

இரவுக் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேனும் அப்படித்தான். மே மாதம் சரி. 2023 ஜூலை 19 அன்று ஃபீனிக்ஸில் இரவிலேயே 97க்குக் கீழே இறங்கவில்லை. அந்த வருஷம் 31 நாள் தொடர்ச்சியாக 110ஓ அதற்கு மேலோ அடித்தது. அப்படிப்பட்ட ராத்திரியில் எந்தக் காற்றை இழுப்பது?

ஒயர்மேன்:

டக்டில் ஓட்டை போடச் சொன்ன நண்பருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கராஜுக்கு வீட்டு டக்டில் வாய் திறப்பது கட்டட விதிப்படி தப்பு. காரின் கார்பன் மோனாக்சைடு அந்த வழியாகப் படுக்கையறைக்கு வரும். தீப்பிடித்தால் புகையும் வரும். அதே காரணத்துக்காக, காற்றை வெளியே தள்ளும் ஃபேனும் யோசித்துப் போட வேண்டியது. வாட்டர் ஹீட்டர் கேஸில் ஓடுகிறதா? கராஜில்தான் நிற்கும், நம் பக்கத்து வீடுகளில். ஃபேன் பலமாக இழுத்தால் அதன் புகை மேலே போகாமல் உள்ளே திரும்பும். அதற்குக் காற்று வரும் துளைகளைச் சூடு வருகிறதென்று அடைத்துவிடவும் கூடாது.

எல்லாம் செய்தும் போதாவிட்டால் மினி ஸ்பிளிட், அதாவது கராஜுக்கென்று தனியாகச் சுவரில் மாட்டும் ஏசி. 400 சதுர அடிக்கு, இன்சுலேஷன் ஒழுங்காக இருந்தால் ஒரு டன் போதும். பெர்மிட், ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுமதி இரண்டும் முதலில்.

கிரைண்டர்க்காரன், சாண்ட்லர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கதவுக்கு ஃபோம் போட்டு, கீழ் ரப்பர் மாற்றியாகிவிட்டது. நேற்று வெளியே 112. அதே ஐந்தரைக்குக் கதவின் உள்பக்கம் 115, கராஜ் நடுவில் 108. ஆசைப்பட்ட 100 வரவில்லை. கூரையை எட்டிப் பார்த்தேன் (காலை ஆறு மணிக்குத்தான்). கில்பர்ட்வாசி சொன்னபடி வீட்டின் மேலே பஞ்சு குவிந்து கிடக்கிறது, கராஜ் தொடங்கும் இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டது. அக்டோபரில் அந்த வேலை.

புது ஃப்ரீசர் துணி துவைக்கும் அறைக்குள் போய்விட்டது. கிரைண்டருக்கு அங்கே இடம் இல்லை. அம்மா விடியற்காலை ஐந்துக்கே எழுந்து ஆட்டிவிடுகிறார். கதவு பாதியில் நிற்காமல் சர்ரென்று இறங்குகிறது, ஸ்பிரிங்குக்கு ஆள் வியாழக்கிழமை வருகிறார்.