கடலுக்குப் போன நோக்கியா 1100: உங்கள் அனுபவம் என்ன?

பாம்பன்வாசி:
2003-இல் வந்த நோக்கியா 1100-ஐப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. எங்கள் பக்கம் மாடல் எண் சொல்லி யாரும் கேட்டதில்லை. டார்ச் போன் என்றாலே கடைக்காரர் எடுத்து வைத்துவிடுவார். ஓர் இரவு மட்டும் இன்னும் உறுத்துகிறது. வாடைக் காற்று நேரம். புரொப்பல்லரில் வலை சுற்றி வல்லம் நின்றுவிட்டது. மச்சான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் தொங்கியபடி கத்தியால் அறுக்கிறார். கயிற்றைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். சி பொத்தானை இரண்டு முறை தட்டி டார்ச்சை அணையாமல் எரியவிட்டு, பாலித்தீன் உறையோடு போனைப் பல்லில் கடித்துக்கொண்டேன். எச்சில் உறைக்குள் இறங்குகிறது, காற்று முகத்தில் அறைகிறது. அந்த நேரம் பார்த்து பேட்டரி தீரப்போகிறது என்று போன் கூவியது. படகுச் சொந்தக்காரர் சம்மாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், அணைக்கிறேன் என்றேன், பல்லிடுக்கில். மச்சான் விடவில்லை. வலை அறுந்தது, போனும் செத்தது. நாங்கள் கரை சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அக்கா இரவெல்லாம் கரையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். டார்ச்சுக்கும் பேச்சுக்கும் ஒரே பேட்டரியை வைத்த புண்ணியவானை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

கீழக்கரை லாத்தா:
உங்களுக்கு டார்ச், எங்களுக்குக் கடித உறை. வாப்பா துபாயில் இருந்தார். பேசினால் காசு என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிச் செய்தி அனுப்புவார். அந்தப் போனில் ஐம்பது செய்திக்கு மேல் இடமில்லை. நிறைந்துவிட்டால் திரையின் மேலே கடித உறைப் படம் விட்டு விட்டு மின்னும். பழையதில் ஒன்றை அழித்தால்தான் புதியது உள்ளே வரும். வாப்பா அனுப்பிய எதையும் நான் அழித்ததே இல்லை. ஒரு பெருநாள் இரவு உறை மின்ன ஆரம்பித்தது. எதை அழிப்பது? உம்மாவும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கடைசியில், தங்கச்சி பிறந்ததைக் கேட்டு வாப்பா அனுப்பிய செய்தியை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு அதை அழித்தோம். உள்ளே வந்த புதுச் செய்தி ஒரே வார்த்தை: சரி. எதற்குச் சரி என்று வாப்பாவுக்கும் நினைவில்லை. நோட்டு கறையான் அரித்துப் போய்விட்டது.

மண்டபம் மெக்கானிக்:
பாம்பன் அண்ணனுக்கு: பழியை டார்ச் மேல் போடாதீர்கள். அது ஒரு சின்ன எல்.இ.டி., அவ்வளவு சீக்கிரம் பேட்டரியைக் குடிக்காது. குடித்தது சிக்னல் தேடல். கோபுரம் தூரமானால் போன் முழுப் பலத்தோடு கத்தும், பதில் கிடைக்காவிட்டால் மறுபடி மறுபடி தேடும். இந்தப் போன் பேசும் ஜி.எஸ்.எம். கோபுரத்தின் எல்லை பொதுவாக 35 கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் சிக்னல் பலமாக இருந்தாலும் அது போய்ச்சேரும் நேரக் கணக்கு ஒத்துவராது. தனுஷ்கோடி முனையில் ஒரு முறை நெட்வொர்க் பட்டியலைத் திறந்தேன். தலைமன்னார்ப் பக்கத்துக் கம்பெனியின் பெயர் அதில் நின்றது. தேர்ந்தெடுத்தேன், அனுமதியில்லை என்று வந்தது. என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கடல் தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள். அரிசி உப்பை எடுக்காது. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். காயும் முன்பே உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு நிழலில் காயட்டும், வெயிலில் வைத்தால் திரை போய்விடும். பேட்டரி தொடும் பித்தளைக் கம்பியில் பச்சை பூத்திருந்தால் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாலே போதும், உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். பொத்தான் பலகை ஒரே ரப்பர்த் துண்டு, மணலுக்கு அஞ்சாது. ஆனால் சார்ஜர் ஓட்டை திறந்தே கிடக்கும், ஈரம் நுழைவது அங்கேதான். அங்கே துளி கிரீஸ்கூடத் தடவாதீர்கள். நிறையப் பேர் தடவிக்கொண்டு வந்தார்கள்.

தொண்டி கருவாடு:
மெக்கானிக் தம்பி, கதை இரண்டு வரி, வகுப்பு இருபது வரி! 2007-இல் இந்தப் போனில் போடும் பி.எல்.-5சி பேட்டரிகளில் 4.6 கோடியை மாற்றித் தருகிறோம் என்று நோக்கியாவின் அறிவிப்பு வந்தபோதும் பஜாரில் உங்களைப் போல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரியைக் குப்புறப் போட்டு எண்ணைப் படிக்காத ஆளில்லை.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இரண்டை அழுத்திப் பிடித்தால் நான், மூன்றை அழுத்தினால் வியாபாரி, நான்கு ஐஸ் கம்பெனி என்று வைத்துக் கொடுத்திருந்தேன். கருவாட்டுக் கையால் அழுத்தி அழுத்தி எண்களெல்லாம் அழிந்துவிட்டன. ஒருநாள் ஏலத்தில் ஒரு கையால் சூடைக் கூடையைப் பிடித்தபடி, போனைப் பார்க்காமலேயே முந்தானைக்குள் பெருவிரலால் மூன்றைத் தேடி அழுத்தி, பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாமல் வியாபாரியிடம் விலை கேட்டுவிட்டார். அவள் பத்து ரூபாய் ஏற்றுவதற்குள் அம்மா கூடையை எடுத்துவிட்டார். இப்போது வாங்கிக் கொடுத்த தொடுதிரைப் போனைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இதில் மூன்று எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அதற்கு நான் என்ன சொல்வது?

மண்டபம் மெக்கானிக்:
பல தொடுதிரைப் போன்களிலும் அந்த வசதி உண்டு. டயல் பலகையில் மூன்றை அழுத்திப் பிடியுங்கள், எண்ணைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும். திரைக் கண்ணாடிக்கு மேல் ஒரு பொட்டு ஒட்டிவிட்டால் விரலுக்கும் இடம் தெரியும். ஒட்டும் முன் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.