ஸ்டீம் டிராப் சத்தம் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

பாய்லர் தம்பி:
கடலூர்ப் பக்கம் ஒரு சாயப்பொருள் ஆலை, நைட் ஷிப்ட். பிட்டர் அண்ணன் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஸ்டீம் டிராப் மேல், அதாவது நீராவியைத் தடுத்து, அது குளிர்ந்த தண்ணீரை மட்டும் வெளியே விடும் வால்வின் மேல் ஊன்றி, கைப்பிடியை என் காதோடு அழுத்தி, "கேளு தம்பி" என்றார். நல்ல டிராப் விட்டு விட்டு டக்கென்று அடிக்கும் என்று அதற்கு முன்னால் காட்டியிருந்தார். இது ஓயாத சீறல். அந்த லைனில் பதினொன்றில் ஏழு இப்படித்தான், தண்ணீர் மட்டும் போக வேண்டிய வழியில் லைவ் ஸ்டீம், பயன்படாத சூடான நீராவி, வீணாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் சொன்னால், "உற்பத்தி நிற்கலையே, ஷட்டவுனில் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். அதே வாரம் கேட்டில் கார்பன் குறைப்பு பேனர் கட்டினார்கள்.

செல் ஹவுஸ்:
டிராப்பெல்லாம் சில்லறை. நான் காஸ்டிக் சோடா ஆலைக்காரன், உப்புத் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் தொட்டியைச் செல் என்போம், பழைய பாதரச செல் இருந்தபோது ஒரு டன் காஸ்டிக்குக்கு 3,000 யூனிட் பக்கம் கரண்ட் இழுக்கும். சவ்வு வைத்த மெம்பரேன் செல்லுக்கு மாற்றிய பிறகு 2,500க்குக் கீழே வந்தது. முதல் ராத்திரி எலக்ட்ரீஷியன் மீட்டர் கண்ணாடியை மூன்று தடவை தட்டிப் பார்த்தார், மீட்டர் கெட்டுவிட்டதோ என்று! செய்முறையை மாற்றாமல் குழாயைத் தட்டி என்ன பயன்?

சூடான சாக்கடை:
செல் ஹவுஸ் சார், செல் மாற்றக் கோடிக்கணக்கில் வேண்டும், டிராப்புக்கு அப்படியில்லை. எங்கள் ஆலையில் காண்டென்சேட்டை, அதாவது நீராவி குளிர்ந்து வரும் சூடான தண்ணீரை, சாக்கடையில் விட்டார்கள், மார்கழியில் கேன்டீன் பூனை அந்த மூடி மேல்தான் தூங்கும், அவ்வளவுதான் என் கதை. தம்பி, முதலில் பாய்லருக்குத் தண்ணீர் போகும் ஃபீட் வாட்டர் டேங்கில் தெர்மாமீட்டர் போடுங்கள், 6 டிகிரி கூடினால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம், அப்படியானால் 30 டிகிரி தண்ணீருக்குப் பதிலாக 90 டிகிரி காண்டென்சேட் திரும்பி வந்தால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள். அப்புறம் புகைபோக்கியில் ஆக்சிஜன் பாருங்கள், தேவைக்கு மேல் காற்று விட்டால் சூடு அதோடு போய்விடும். ஃபேனின் காற்றை டேம்பர் தகட்டால் நெரிக்காதீர்கள், மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி போட்டு வேகத்தை 80 சதவீதம் ஆக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான் ஆகும். லேகிங் (சூடு போகாமல் சுற்றிய உறை) பிய்ந்த வால்வுகளையும் விடாதீர்கள். டிராப் ஒவ்வொன்றுக்கும் நம்பர் தகடு மாட்டி, மாதம் ஒருமுறை...

பாய்லர் தம்பி:
சார், நான் யோசனை கேட்கவில்லை. அந்த வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஏழு டிராப்பையும் மாற்றினார்களா, அங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.