சலங்கை பூஜைக்கு முன்னால் எடை மெஷின்: சரியா, தப்பா?

சிப்புட்காரி:
வணக்கம். மனம் கொதித்துப்போய் எழுதுகிறேன். மகளுக்கு 15 வயது, படிவம் மூன்று, ஆறு வருடமாகப் பரதம் கற்கிறாள். சுங்கை சிப்புட்டில் சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேர் வரும் சின்ன வகுப்பு. டிசம்பரில் சலங்கை பூஜை, பிள்ளைகள் முதன்முதலாகச் சலங்கை கட்டி மேடை ஏறும் நாள். மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் செருப்பு கழற்றும் இடத்தில் ஒரு எடை மெஷினை வைத்துவிடுகிறார்கள். டீச்சர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, மூத்த மாணவி நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.

போன வாரம் சீக்கிரமே கூட்டிவரப் போனவள் கண்ணால் பார்த்தேன். ஏறுவதற்கு முன் மகள் வளையலைக் கழற்றிப் பையில் போட்டாள். அப்புறம் தலைக் கிளிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஏறினாள். கையில் இருந்தால் மட்டும் எடை காட்டாதா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்க முடியவில்லை.

154 செ.மீ. உயரம், 48 கிலோ. "இன்னும் மூணு கிலோ இறக்கணும், அப்பத்தான் மேடையில இடுப்பு எடுப்பா இருக்கும்" என்றாராம். மூன்று மாதமாக இரவில் சோறு கிடையாது. பசியாற இரண்டு கிரீம் கிரேக்கர், சீனி போடாத கோப்பி. ஏன் என்றால் "நான் குண்டும்மா" என்கிறாள். டீச்சரிடம் பேசவா, வகுப்பை மாற்றவா? வேறு வகுப்பென்றால் ஈப்போவுக்குத்தான் போகவேண்டும்.

தாளம்70:
தங்கச்சி, நான் 22 வருடம் தோட்ட மண்டபங்களில் சொல்லிக்கொடுத்தவள். சத்தமாகச் சொன்னது தப்பு. எடை பார்த்தது தப்பில்லை. முட்டியை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, வர்ணம் என்ற நீண்ட உருப்படியை முழுக்க ஆடும்போது பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். ஒரு கிலோ குறைந்தால் முட்டிக்கு நாலு கிலோ குறைந்த மாதிரி என்று ஆராய்ச்சியே இருக்கிறது. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் ஆடுபவளின் இலக்கணம் சொல்லுமிடத்தில் முதல் வார்த்தையே 'தன்வீ', மெல்லியவள். இது நான் கண்டுபிடித்த சட்டமில்லை.

நேர்பேச்சு:
தாளம் டீச்சர் சொல்வது சரி. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு உண்டா? நாலு தே தாரிக், ராத்திரி மீ கோரேங். ஒரு டீச்சர் அக்கறையாகக் கேட்டால் உடனே குற்றம். பள்ளியில் செகாக் என்ற உடற்தகுதித் தேர்வுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை எடை எடுக்கிறார்களே, அப்போது யாரும் வாய் திறக்கவில்லையே?

இரவுப்பணி:
நான் தாதி. முதலில் கணக்கு. 48 கிலோ, 1.54 மீட்டர்: உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 20.2. 15 வயதுப் பெண்ணுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் நடுமதிப்பே கிட்டத்தட்ட அதுதான். அதிக எடை என்பது அந்த வயதில் ஏறக்குறைய 23.5-க்கு மேல். நேர்பேச்சு அண்ணன் சொன்ன 50.1 பெரியவர்கள் கணக்கு, இந்தப் பிள்ளை அதில் வரமாட்டாள். செகாக்கில் எடுக்கும் எண்ணை வயதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள், 'மூணு கிலோ இறக்கு' என்று யாரும் சொல்வதில்லை.

தாளம் டீச்சர் சொன்ன ஆராய்ச்சி எனக்கும் தெரியும், 2005இல் வந்தது. அதில் இருந்தவர்கள் முட்டித் தேய்மானம் வந்த, எடை கூடிய முதியவர்கள். அளந்தது நடக்கும்போது விழும் பாரம். அதைக் கொண்டுவந்து ஆடும் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், பதில் இங்கே வேண்டாம் என்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?

சிப்புட்காரி:
இங்கேயே சொல்கிறேன், மற்ற அம்மாக்களும் படிக்கட்டும். இரண்டு மாதமாக இல்லை. பரீட்சைப் பதற்றம் என்றாள், நானும் நம்பிவிட்டேன்.

இரவுப்பணி:
மூன்றாவது மாதம்வரை காத்திருக்கவேண்டாம், கிளினிக் கூட்டிப்போங்கள். பதற்றமாகவும் இருக்கலாம். ஆனால் ஆட்டத்துக்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கைத்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பில் கால்சியம் சேர்வது தடைபடும். எலும்பு வேகமாக வலுக்கும் வயதே இதுதான். ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயரே வைத்துவிட்டது. எடை அதிகம் குறையாமலேயே இது வரலாம், அதனால் மெஷினில் ஏறி நின்று கண்டுபிடிக்க முடியாது. இரத்தச்சோகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளிச்சதங்கை:
நான் ஆடியவள், இப்போது 26. படிவம் நாலில் ஏழு கிலோ இறக்கினேன். இறக்க இறக்கப் பாராட்டு. "இப்பத்தான் நாட்டியக்காரி மாதிரி இருக்க" என்று என் டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிட்டது அரை ஆப்பிள். ஆறு மாதம் கழித்துக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல், தட்டடவில் கால் வைக்க முடியவில்லை. அரங்கேற்றம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

கல்லூரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒல்லியிலிருந்து குண்டுவரை வரிசையாக ஒன்பது உருவம், 1983இல் ஸ்டங்கார்ட் குழு வெளியிட்டது. 'நீ எது?' என்ற இடத்தில் நான் ஆறைக் குறித்தேன். பக்கத்திலிருந்த தோழி எட்டிப் பார்த்து "அடியே, நீ மூணுடி" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். உங்கள் மகள் 'நான் குண்டு' என்பது நடிப்பில்லை அக்கா, அவள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது.

தாளம் டீச்சருக்கு: அதே அபிநய தர்ப்பணத்தைக் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். ஆடத் தகாதவர்கள் பட்டியலில் 'அதிஸ்தூலா', ரொம்பப் பருத்தவள், பக்கத்திலேயே 'அதிகிருசா', ரொம்ப மெலிந்தவளும் இருக்கிறாள். அந்த வரியை எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை. பரத மேதை பாலசரஸ்வதி அம்மாவுக்கு 1973இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தபோது அவர் ஒல்லியாகவா இருந்தார்?

தாளம்70:
பாலம்மாவை இழுக்காதே கண்ணு, அவர் ஆயிரத்தில் ஒருத்தி. நம்மூர்ப் பிள்ளை மேடை ஏறும்போது கீழே உட்கார்ந்திருப்பது யார்? பாதிப் பேர் சொந்தக்காரர்கள், அதில் நாலு பேர் பெண் பார்க்கும் கண்ணோடு இருப்பார்கள். பூஜை முடிந்து பூரி சாப்பிட்டுக்கொண்டே "மூணாவது நின்னவ கொஞ்சம் பூசினாப்ல" என்பார்கள். அதைக் கேட்டுப் பிள்ளை அழும், அம்மா என்னிடம் வந்து நிற்பாள். நான் முன்கூட்டியே சொன்னது அதற்குத்தான். அதிகிருசா விஷயம், ஒத்துக்கொள்கிறேன், உண்மை.

பால்மரத்தடி:
ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் பேசலாமா? பால் ஸ்டோரில் வாளியை நிறுத்ததும் கூலி எழுதிவிட மாட்டோம். எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்தவனுக்குத்தான் கூடக் கூலி. அதனால் மெட்ரோலாக் என்ற மிதப்புக் கருவியை விட்டுப் பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்போம். வாளிப் பாலுக்கே அவ்வளவு நியாயம் பார்த்தோம். ஆறு வருடம் அடவு போட்ட பிள்ளையின் தொடை கல் மாதிரி இருக்கும். அது தசையா கொழுப்பா என்று மெஷினுக்கு என்ன தெரியும்?

நேர்பேச்சு:
பால் வேறு, பிள்ளை வேறு ஐயா. அப்போ யாரும் யாருக்கும் எடையைப் பற்றிச் சொல்லவே கூடாதா? நாளைக்கு இனிப்புநீர் வந்தால் இங்கே எழுதினவர்கள் வந்து மருந்து வாங்கித் தருவீர்களா?

வெள்ளிச்சதங்கை:
சொல்லட்டும் அண்ணே, டாக்டர் சொல்லட்டும். டீச்சர் என்றால் அரைமண்டி எவ்வளவு இறங்குகிறது, தில்லானா முடிவில் மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கட்டும். அதற்கு மெஷின் எதற்கு?

சிப்புட்காரி:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் குறைவு. உணவியல் அதிகாரியிடம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

டீச்சரிடமும் பேசினேன். முதலில் முகம் கறுத்துப்போனது. அப்புறம், "டிரஸ் பழைய அளவில் தைத்தாயிற்று, பத்தாமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான்" என்றார். அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. டவுனில் தைத்த அக்காவிடமே போய்க் கேட்டேன். ரவிக்கையின் பக்கத் தையலைத் திருப்பிக் காட்டினார். உள்ளே இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் துணி மடித்து விட்டிருந்தது. "வளர்ற பிள்ளைங்களுக்கு நான் எப்பவும் விட்டுத்தான் தைப்பேன், யாரும் கேட்கிறதே இல்ல" என்றார்.

சத்தமாக வாசிப்பது நின்றுவிட்டது. மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது. என் மகள் ஏறுவதில்லை, மற்ற பிள்ளைகள் ஏறுகிறார்கள். நேற்று இரவு அரைத்தட்டு சோறும் ரசமும் சாப்பிட்டாள், நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளம்70:
வெறும் ரசமா? ஒரு முட்டையும் வை, தங்கச்சி.