புதுப்பிப்பு: புதுத்துணி எடுக்காத பத்து மாதம்

பொங்கலுக்குப் பிறகு புதுத்துணி எடுக்க மாட்டேன், இருப்பதையே உடுத்துவேன் என்று எழுதியிருந்தேன். "தீபாவளிக்குப் பார்க்கலாம்" என்று சிரித்தவர்களே, அதுவும் போயாச்சு!

அம்மாதான் சிக்கல். "நாளும் கிழமையுமா பழசையா கட்டுவ?" கடைசியில் என் பழைய அரக்குப் பட்டின் ஓரத்தில் மஞ்சள் தடவி, புதுசு மாதிரியே நீட்டினார். ரவிக்கை பத்தவில்லை, தெருமுனை டெய்லர் உள்தையலைப் பிரித்துவிட்டார், 60 ரூபாய்.

உள்ளாடை மட்டும் வாங்கினேன். அது கணக்கில் வராது, திட்டாதீர்கள்.

திருப்பூர்க்காரி நான். நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியதையும், 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதையும் பார்த்தவள். ஆனால் எங்கள் வீட்டுச் சோறும் பனியனில்தான் வந்தது. ஊருக்கு உபதேசம் செய்ய வாய் வரவில்லை.

இப்போது நைட்டி இரண்டு கிழிந்துவிட்டது. ஒட்டுப்போடலாமா?