வெயில் நேர ஆட்டங்களில் தளர்ச்சி: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சிறுவர் கால்பந்து அணி ஒன்றுக்குப் பயிற்சி அளித்துவருகிறேன். பிற்பகல் ஆட்டங்களில் 60-ஆவது நிமிடத்தைத் தாண்டியதும், எங்கள் நடுக்கள வீரர்கள் பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடாமல் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றுவிடுகிறார்கள். தொடக்கத்தில் இதைச் சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அது என் தவறு. உடற்சூட்டைத் தணிக்க இரத்தம் தோலை நோக்கி மிகுதியாகப் பாய்வதாலும், வியர்வையால் உடலின் நீர் குறைவதாலும், அதே ஓட்டத்துக்கே இதயம் கூடுதல் வேகத்தில் துடிக்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆட்டத்துக்கு முன் 54 கிலோ இருந்த ஒரு சிறுவன், முடிந்ததும் 52.7 கிலோதான் இருந்தான்.

காற்றின் ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு பாதியிலும் குளிர்விப்பு இடைவேளை அளிக்கலாம் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டுதல். 2014 உலகக் கோப்பையில் அத்தகைய இடைவேளை விடப்பட்டது. அக்குறியீட்டை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. கருவியின்றி இடைவேளையை எப்படி முடிவுசெய்கிறீர்கள்? வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும் என்ற நிலையில், வாரந்தோறும் ஆட்டமிருக்கும்போது பயிற்சியின் கடுமையை எவ்வாறு படிப்படியாகக் கூட்டுவது என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.