இக்னிஷன் காயில் (பிளக்குக்குப் பொறி கொடுக்கிறது) மாற்றினால் ட்யூனும் மாற்றணுமா? மாற்றினவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். கார் டர்போ பெட்ரோல், பூஸ்ட் (டர்போ தள்ளுற காற்றழுத்தம்) ஏற்றி, இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில் இருக்கிற ட்யூனை ஏற்கெனவே மாத்தி ரீமேப் செஞ்சது. மேட்டில் மூணாவது கியரில் முழுசா மிதிச்சா 4000 ஆர்பிஎம் தாண்டுறப்போ திக்கும், செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னும். ஸ்கேனரில் பி0300, கூடவே பி0302; அதாவது மிஸ்ஃபயர் (கலவை சரியா பத்தாம போறது), அதிலும் இரண்டாவது சிலிண்டரில். பிளக் எல்லாம் புதுசு. அதனால நாலு காயிலையும் கழற்றிட்டு, ஆடி ஆர்8-க்கு வரும் சிவப்புத் தலை காயில்களைப் போட்டேன். கனெக்டர் அதேதான், வயரிங்கில் கை வைக்கலை, ட்யூன் ஃபைலைத் தொடவே இல்லை. திக்கல் நின்னுடுச்சு.

பவர் கூடுச்சான்னு கேட்டீங்கன்னா, போன பவர் திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். காயில் போட்டதும் பத்து குதிரை ஏறிச்சுன்னு சொல்றவங்க, பழைய காயில் எந்த நிலைமையில் இருந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க.

* * *

அண்ணே, உங்களுக்கு ரீட்யூன் தேவைப்படாததுக்குக் காரணம் அந்தக் காயில் பழைய ட்வெல்லுக்கே (காயில் நிரம்ப இசியூ கொடுக்கிற நேரம்) ஒத்துப்போனதுதான். எல்லாக் காயிலும் அப்படி இல்லை.

நான் ட்யூனிங் தொழிலில் இருக்கேன். வர்றவங்க எல்லாரும் "டைமிங் மாத்தணுமா, பெட்ரோல் கூட்டணுமா"ன்னுதான் கேட்பாங்க. கலவை ஒழுங்கா பத்திக்கிட்டு இருந்தா, பொறியைப் பெருசாக்கிறதால அந்த இரண்டையும் மாத்த வேண்டிய அவசியம் வராது. பார்க்க வேண்டியது ட்வெல், அதாவது பொறி விழுறதுக்கு முன்னாடி காயிலின் பிரைமரிச் சுருளில் கரண்ட் ஓடுற நேரம். பெரும்பாலான காயில்களுக்கு ஓடுற காரில் 2 முதல் 4 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினா இந்த நேரம் கூடணும். அதுக்குன்னே இசியூவில் ஓர் அட்டவணை உண்டு.

ஒருத்தர் வேற இன்ஜினோட பெரிய காயில்களை, பிராக்கெட் எல்லாம் செஞ்சு மாட்டிக்கிட்டு வந்தார். ஐடிலில் தேன் மாதிரி ஓடுது. பூஸ்ட் ஏறினதும் மிஸ்ஃபயர். காயில் போலின்னு விற்றவரைத் திட்டிக்கிட்டிருந்தார். காயிலில் ஒரு குறையும் இல்லை. அது நிரம்ப அதிக நேரம் கேட்குது, இசியூ பழைய கணக்கிலேயே வெட்டிவிடுது. காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் பாதியானா சக்தி கால் பங்குதான். விலை கொடுத்து வாங்கின பெரிய காயில், பழசைவிட மோசமான பொறியைத் தருது! தயாரிப்பாளர் கொடுத்த ட்வெல் அட்டவணையை ஏற்றினதும் சரியாயிடுச்சு. எரிபொருள் மேப்பில் ஒரு கட்டம்கூட மாத்தலை.

இதுக்குத் தலைகீழாவும் நடக்கும். சீக்கிரம் நிரம்புற காயிலுக்கு நீளமான ட்வெல் கொடுத்தா மிச்ச நேரம் முழுக்க சூடுதான். காயில் வேகும், அதை ஓட்டுற டிரைவர் டிரான்சிஸ்டரும் போகும். அந்த டிரான்சிஸ்டர் சில கார்களில் காயிலுக்குள்ளேயே இருக்கும், சிலதில் இசியூவுக்குள். இரண்டாவது வகையா இருந்தா பர்ஸைப் பிடிச்சுக்குங்க.

* * *

டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிற பழைய காருக்கும் இதே கணக்கா சார்?

* * *

அங்கே இன்னும் நெருக்கடி. சிலிண்டருக்கு ஒரு காயில்னா 6000 ஆர்பிஎம்மில் பொறிக்குப் பொறி 20 மில்லிசெகண்ட் கிடைக்கும். நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில்னா 5 மட்டும்தான். நிரம்பவும் எரியவும் அதுக்குள்ளேயே முடிக்கணும்.

* * *

என்னோடது வேற கதை. டொயோட்டா, நாலு வயர் காயில். அதில் ஒரு வயர் "பொறி போட்டாச்சு"ன்னு இசியூவுக்குத் திருப்பிச் சொல்றதுக்கு, ஐஜிஎஃப்னு பேர். பெர்ஃபார்மன்ஸ் காயில்னு பேர் தெரியாத ஒரு செட் வாங்கினேன். பொறி வந்துச்சு, ஆனா இந்தச் சிக்னல் ஒழுங்கா வரலை. பொறியே இல்லைன்னு நினைச்சு இசியூ எரிபொருளை நிறுத்திடுது. ஸ்டார்ட் ஆகி உடனே அணையும். இதை ட்யூன் பண்ணித் தீர்க்கிறதைவிடக் காயிலைத் திருப்பிக் கொடுக்கிறது சுலபம். கொடுத்துட்டேன்.

* * *

இசியூ தானே கத்துக்கும்னு ஒரு பேச்சு உண்டே, அதில் பாதி உண்மை. மிஸ்ஃபயர் ஆகும்போது எரியாத ஆக்சிஜன் வெளியே போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் பத்தலை"ன்னு சொல்லும், இசியூவும் கூட்டிக்கிட்டே போகும். என் காரில் புதுக் காயில் போட்டு ஓட்ட ஓட்ட, லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (இசியூ கத்துக்கிட்டு வெச்சிருக்கிற பெட்ரோல் திருத்தம்) மெல்லப் பூஜ்ஜியத்துக்கிட்ட இறங்கிச்சு. பார்க்கிறவங்களுக்கு இது தானா ட்யூன் ஆன மாதிரி தோணும். ட்வெல்லை மட்டும் எந்த ட்ரிம்மும் திருத்தாது.

* * *

முதல் பதிவு போட்டவரே, பிளக் கேப்பை, அதாவது பொறி தாண்டுற இடைவெளியை, கூட்டினீங்களா?

* * *

இல்லைங்க. ரீமேப் செஞ்சப்போ வெச்ச 0.7 மி.மீ. அப்படியே இருக்கு. பூஸ்ட் ஏறினா பொறி தாண்டவே அதிக வோல்டேஜ் வேணும். காயில் கொடுக்கிற கூடுதலைக் கேப்பில் செலவழிக்க மனசில்லை.