எம்பெடோக்கிளீஸின் கிளெப்சிட்ரா: செய்துகாட்டும்போது நீர் ஏன் ஒழுகுகிறது?

ஆசிரியை_நுவரெலியா:
உயர்தர அளவையியலும் விஞ்ஞான முறையும் வகுப்புக்கு, பண்டைய கிரேக்க மெய்யியலாளர் எம்பெடோக்கிளீஸின் கிளெப்சிட்ராவை (அடியில் துளைகளுள்ள, நீர் மொள்ளும் பாத்திரம்) செய்துகாட்ட வேண்டும். 1 லீற்றர் சோடாப் போத்தலின் அடியில் ஆணியால் துளையிட்டு, நீரில் அமிழ்த்தி நிரப்பி, மூடியை இறுக்கித் தூக்கினால் நீர் நிற்பதில்லை. இங்கே உயரம் 1,868 மீற்றர். வளியமுக்கம் குறைவதுதான் காரணமா? "வளி ஒரு பொருள் எனப் பரிசோதனையால் முதலில் நிறுவியவர் எம்பெடோக்கிளீஸ்" என்று குறிப்பில் எழுதலாமா?

ஹட்டன்_பௌதிகவியல்:
உயரம் காரணமல்ல டீச்சர். கடல்மட்டத்தில் வளிமண்டலம் ஏறத்தாழ 10.3 மீற்றர் நீர்நிரலைத் தாங்கும். நுவரெலியாவில் அது 8.2 மீற்றர் அளவுக்குக் குறையும். உங்கள் போத்தலில் இருப்பதோ 25 சென்ரிமீற்றர்தான்.

பிழை துளைகளில். நீர் இறங்க வேண்டுமானால் அதன் இடத்துக்கு வளி ஏற வேண்டும். சின்னத் துளையில் மேற்பரப்பிழுவிசை வளியை மறிக்கும். ஆணி போட்டால் துளை அகன்று ஓரமும் கிழியும். ஒன்றால் குமிழி ஏற, இன்னொன்றால் நீர் கொட்டும். சோடாப் போத்தலின் அடியும் ஐந்து கால்களாக மேடுபள்ளமாக இருப்பதால் துளைகள் ஒரே மட்டத்தில் அமையாது. உயரத்திலுள்ள துளை வளியை எடுக்கும், தாழ்ந்தது நீரை விடும். போத்தலைச் சாய்த்துப் பிடித்தாலும் இதேதான்.

அடி தட்டையான, தடித்த போத்தலாக எடுங்கள். ஊசியை மெழுகுதிரியில் சூடாக்கி 1 மில்லிமீற்றர் துளைகள் 15 போடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் நன்றாக அலசுங்கள், அது இழுவிசையைக் குறைக்கும். கழுத்தில் பிடியுங்கள்; உடலைப் பிடித்தால் நசுங்கி நீர் பீறிடும். மூடி வேண்டாம், வாயைப் பெருவிரலால் அடைத்தால் போதும்.

பண்டாரவளை_மெய்யியல்:
அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம். கிளெப்சிட்ரா வரும் எம்பெடோக்கிளீஸின் கவிதைப் பகுதி நமக்குக் கிடைப்பது அரிஸ்டோட்டில் சுவாசம் பற்றிய நூலில் அதை எடுத்தாண்டதால். வெண்கலக் கிளெப்சிட்ராவோடு ஒரு சிறுமி விளையாடுவதைக் காட்டி எம்பெடோக்கிளீஸ் விளக்குவது சுவாசத்தை. ஆகவே அது உவமை, சோதித்துப் பார்க்க வகுத்த பரிசோதனை அல்ல. நீர்க்கடிகாரம் என்றும் சொல்லிவிடாதீர்கள். இது அடியில் துளைகளுள்ள, நீர் மொள்ளும் பாத்திரம். வளி ஒரு பொருள் என்று காட்டவே இதைப் பயன்படுத்தியவராக அரிஸ்டோட்டில் பெயர் சொல்வது இன்னொரு கிரேக்க மெய்யியலாளரான அனக்சகோரஸை.

வெறும் போத்தலிலிருந்தே தொடங்குங்கள். வாயை அடைத்து அமிழ்த்தினால் உள்ளிருக்கும் வளி நீரை உள்ளே விடாது. விரலை எடுத்தால் வளி வெளியேற நீர் ஏறும். அதன் பிறகே நிரப்பித் தூக்குவது. மாணவர் தடுமாறுவது பொருத்திப் பார்க்கும்போதுதான். நீரின் இடத்தில் குருதியை வைக்கச் சொல்லுங்கள்: குருதி உள்வாங்கும்போது நுண்துளைகளால் வளி நுழைவது உட்சுவாசம், குருதி திரும்பி எழும்போது வளி வெளியேறுவது வெளிச்சுவாசம். நுரையீரலை இங்கே கொண்டுவர வேண்டாம்.

வெளியே நிற்கும் வளி உள்ளே நெருக்குவதால்தான் நீர் தங்குகிறது என்பது கவிதையிலேயே இருக்கிறது, அதைத் தவறாமல் சொல்லுங்கள். வளியின் எடை தரும் அமுக்கத்தை இரசநிரலால் அளக்கலாம் என்பதோ 1640களில் இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லியோடு வந்தது.

ஆசிரியை_நுவரெலியா:
நன்றி. எம்பெடோக்கிளீஸின் நான்கு மூலங்களை இதே பாடத்தில் சேர்க்கலாமா?

பண்டாரவளை_மெய்யியல்:
சேர்க்கலாம். வளி வெறுமை அல்ல, நிலம், நீர், நெருப்புக்குச் சமமான மூலம் என்பது போத்தலைப் பார்த்தவுடனே பிடிபடும். மூலங்கள் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. அன்பு சேர்க்கிறது, பகை பிரிக்கிறது. மூலங்கள் கலக்கும் விகிதத்துக்கு எலும்பை உதாரணமாகக் காட்டுங்கள்: 8 பங்கில் 4 நெருப்பு, 2 நீர், மிகுதி நிலம். குருதியிலும் தசையிலும் நான்கும் ஏறத்தாழச் சமம்.